பாண்டியரைக் காணோம்: திராவிடரை வச்சு மதுரைப் படை கட்டிய அனுபவங்கள்

செல்லூர்:
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ங்கிற படை கட்டி ஆடுற கம்ப்யூட்டர் விளையாட்டுல 2013-ல ‘இந்தியர்’னு ஒரே மூட்டையா இறக்குனாய்ங்க. 2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கிற கூடுதல் தொகுப்பு வந்தப்ப மூட்டை பிரிஞ்சது. பழைய இந்தியர் இந்துஸ்தானியா மாறி, கூடவே வங்காளி, கூர்ஜரர், திராவிடர்னு மூணு புதுசு. திராவிடரைத் திறந்து பாத்தா துறைமுகம், கப்பல், மீன்பிடி. கேம்பெய்ன், அதாவது கதையா ஆடுற தொடர், ராஜேந்திர சோழனுக்கு. பேருதான் திராவிடர், உள்ள இருக்கிறது சோழநாடு. மதுரைக்காரனுக்கு மீன்கொடி வேணும்னா அவனேதான் தச்சுக்கணும். யார் யாருக்கு எந்த வழி ஒத்து வந்துச்சுன்னு போடுங்க. புலம்பலைக் குறைச்சு அளவைச் சொல்லுங்க.

திருப்பரங்குன்றம்:
முதல்ல இருக்கிறதை ஒழுங்கா ஆடணும். திராவிடர்ட்ட நைட்ங்கிற கவசக் குதிரைவீரன் கிடையாது, ஒட்டகமும் கிடையாது. அரேபியா மாதிரித் திறந்த வரைபடத்துல தோக்குறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். எதிராளி குதிரையோட வந்தா ஈட்டிக்காரன்தான் கதி. நல்லவேளை, பாரக்ஸ்ல, அதாவது காலாள் கூடத்துல, பண்ற ஆராய்ச்சி எல்லாம் பாதி விலை. அதனால ஈட்டி மேம்பாட்டைத் தள்ளிப் போடுறதுல அர்த்தமே இல்ல.

ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சும்மா வரும். தண்ணி வரைபடம்னா ஃபியூடல்ங்கிற ரெண்டாம் யுகம் ஏறின கையோட 150-க்கு இன்னொரு டாக் (கப்பல்துறை) போடலாம், மிச்சம் 50 அடுத்த மீன்பிடிப் படகுக்கு. தரை வரைபடத்துல அதையே ஆர்ச்சரி ரேஞ்சுக்கு (வில்லாளிக் கூடம்) போடுங்க, 175 ஆகும். ஸ்கிர்மிஷர், அதாவது எறியீட்டிக்காரன், 25 சதவீதம் வேகமா எறிவான், வில்லாளிக்கு எதிரா அது பெரிய பலம். பலர் செய்யற தப்பு, அந்த 200 மரத்தையும் வயலுக்குக் கொட்டுறது.

திராவிடரோட உறுமிக்காரனைப் பத்தி ஒண்ணு, உறுமின்னா இங்க சுருள்வாள். அது நம்ம சிலம்பக் களத்துலயும் சுத்துறதுதான், அதனால அவனைப் பாண்டியன் படையில சேக்கக் கூச்சப்பட வேணாம். நெருங்கிட்டான்னா கூட்டத்தையே சேத்துச் சீவுவான். நெருங்குறதுக்குள்ள வில்லாளி சாய்ச்சிருவான். முன்னாடி ஸ்கிர்மிஷர் போகாம அவனைத் தனியா அனுப்பாதீங்க.

வாடிப்பட்டி:
பாண்டியர்ங்கிறது வெறும் பேர் மாத்துற வேலை இல்லண்ணே. சோழர்ட்ட இருந்து அவங்களைப் பிரிச்சுக் காட்டணும்னா ரெண்டு சரக்கு வேணும்: கொற்கை முத்து, காயல் துறையில இறங்கின அரபுக் குதிரை. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டு முடியற சமயத்துல வந்துட்டு, இங்க காசைக் கொட்டிக் குதிரை வாங்குறாங்க, பராமரிக்கத் தெரியாததால பெரும்பாலும் வருஷத்துக்குள்ள செத்துப்போகுதுன்னு எழுதி வச்சிருக்காரு. சோத்தோட கறியும் சேத்து வேகவச்சுப் போட்டாங்களாம். (நம்ம ஊருதானே, விருந்து வச்சுருப்பாய்ங்க.) அதையே விளையாட்டுக்குள்ள கொண்டு வரலாம். வழி சீனாரியோ எடிட்டர், விளையாட்டுக்குள்ளயே சொந்தமா களம் கட்டுற கருவி.

கடலோரம் ஒரு டாக் வைங்க, அதுதான் காயல். அதுக்குப் பக்கத்துத் தரையில 3-க்கு 3 கட்டம் ஒதுக்குங்க. ஒரு டிரிக்கர் (இது நடந்தா அது நடக்கணும்ங்கிற கட்டளை) திறந்து, அது திரும்பத் திரும்ப ஓட லூப்பிங்கை ஆன் பண்ணுங்க. கண்டிஷன் நாலு: டைமர் 30 நொடி; தங்கம் குறைஞ்சது 120; அந்த ஒதுக்கின இடத்துல ஒரு வில்லேஜர் (வேலைக்காரன்), அவன்தான் தரகன்; பாப்புலேஷன் ஹெட்ரூம், அதாவது மக்கள்தொகையில மிச்ச இடம், குறைஞ்சது 1. எஃபெக்ட் ரெண்டு: மாடிஃபை ரிசோர்ஸ்ல தங்கம் 120 கழிவு, கிரியேட் ஆப்ஜெக்ட்ல ஒரு நைட். நைட்டோட வழக்கமான விலை 60 உணவு, 75 தங்கம். இறக்குமதிச் சரக்குங்கிறதால 120 தங்கம் சரியா இருக்கு. 100-க்குக் கீழ போனா காயலைத் தவிர வேற எதுவும் கட்டத் தோணாது.

தப்பு நடக்கிற இடம் மூணு. தங்கம் 120 இருக்கான்னு கண்டிஷன் பாக்கும், ஆனா எடுத்துக்காது. கழிக்கிற எஃபெக்டை மறந்தா 30 நொடிக்கு ஒண்ணுன்னு ஓசிக் குதிரை வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டாவது, கிரியேட் ஆப்ஜெக்ட் மக்கள்தொகை வரம்பை மதிக்காது, ஹெட்ரூம் கண்டிஷன் அதுக்குத்தான். மூணாவது, குதிரை இறங்குற கட்டத்துல கட்டடமோ தண்ணியோ இருக்கக் கூடாது, டாக்குல இருந்து ரெண்டு கட்டம் தள்ளியே வைங்க.

முத்துக்கு வேற டிரிக்கர். கொற்கைக் கடல்ல ஒரு பகுதியைக் குறிச்சு, அதுக்குள்ள மூணு மீன்பிடிப் படகு நின்னா 60 நொடிக்கு 20 தங்கம் கூடற மாதிரி வைங்க. வரைபடத்துல கிடக்கிற ரெலிக்ங்கிற புனிதப் பொருளை எடுத்து வச்சா ஒண்ணு நிமிஷத்துக்கு 30 தங்கம் தரும், முத்து அதைத் தாண்டினா ரெலிக் எடுக்க எவனும் மலையேற மாட்டான்.

செல்லூர்:
தம்பி, ஊட்ஸ் ஸ்டீல்? காலாளும் குதிரையும் எதிரியோட கவசத்தைக் கணக்குல எடுக்காம அடிக்கிற ஆராய்ச்சி அது. அதுக்கு மேல நைட்டும் கையில வந்தா எதிராளி எந்திரிச்சுப் போயிருவான்.

வாடிப்பட்டி:
சரிதாண்ணே. அந்த ஆராய்ச்சியை எடிட்டர்ல முடக்கிருங்க. முடக்க மனசு வரலைன்னா குதிரைச் சாவை வைங்க: 60 நொடிக்கு ஒருதடவை டேமேஜ் ஆப்ஜெக்ட், அளவு 5, நைட்டுக்கு மட்டும். மார்க்கோ போலோ சொன்னதும் ஆச்சு, சமநிலையும் ஆச்சு. 10 வச்சா ரொம்பக் கொடுமை, வாங்கின பத்தாவது நிமிஷத்துல நைட்டோட உயிர்ப்புள்ளி 100-ம் போயிரும்.

உசிலம்பட்டி:
பேர் மட்டும் மாறினாப் போதும்ங்கிறவங்களுக்குச் சின்ன வழி இருக்கு. விளையாட்டோட மூல எழுத்துக் கோப்பைத் திறந்து ‘திராவிடியன்ஸ்’னு தேடுங்க. அந்த வரிக்கு முன்னாடி ஒரு எண் இருக்கும், அதைக் குறிச்சுக்கங்க. மூலக் கோப்பைத் தொடாதீங்க, அடுத்த அப்டேட் வந்ததும் மாத்தினதெல்லாம் அழிஞ்சுரும். யூசர் ஃபோல்டர்ல மாட்ஸ், அதுக்குள்ள லோக்கல், அங்க புது ஃபோல்டர் போட்டு, மூலக் கோப்பு எந்தெந்தப் பாதையில இருக்கோ அதே அடுக்குல ‘மாடட்’ எழுத்துக் கோப்பை வைங்க. உள்ள ஒரே வரி: அந்த எண், ஒரு இடைவெளி, மேற்கோள் குறிக்குள்ள புதுப் பேர்.

வேலை செய்யலைன்னா முதல்ல கோப்புப் பேரோட வாலைப் பாருங்க. நோட்பேட் சத்தமில்லாம இன்னொரு ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டி வச்சிருக்கும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்க. தமிழ் எழுத்துல பேர் வேணும்னா ஒரே ஒரு வரியைப் போட்டுப் பாத்துட்டு மேல போங்க, கட்டம் கட்டமாத் தெரிஞ்சா ஆங்கில எழுத்துக்கே திரும்பிரலாம்.

மேலூர்:
சிவிலைசேஷன் 7-ங்கிற இன்னொரு விளையாட்டுப் பக்கம் போறவங்களுக்கு ஒரு தகவல். 2025 பிப்ரவரியில வந்தது, அதுலயும் சோழர்தான். அதுவும் நடு யுகமான எக்ஸ்ப்ளோரேஷன்லதான் வருவாங்க. முதல் யுகத்துல இந்தியப் பக்கம் மௌரியர் மட்டும். வெளியானப்ப தலைவர் வரிசையில இருந்த பழைய இந்திய மன்னர் அசோகர், தமிழ் மன்னர் ஒருத்தரும் இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே அசோகரோட ரெண்டாம் பாறைக் கல்வெட்டுல, தன் எல்லைக்கு வெளிய இருக்கிறவங்கன்னு சோழரோட பாண்டியரையும் சேத்துத்தான் பேர் சொல்லியிருக்கு. நம்ம மாங்குளம் மலையில தமிழி எழுத்துல நெடுஞ்செழியன் பேர் வெட்டியிருக்கு. முதல் யுகத்துக்கே கல்லுல சான்று உள்ள குலம் பட்டியல்ல இல்ல, அவங்க தன் குடை கீழ இல்லைன்னு எழுதினவரை வச்சு ஆட வேண்டியிருக்கு.

திருப்பரங்குன்றம்:
வாடிப்பட்டித் தம்பி சொன்ன சீனாரியோ ரேங்க்டுங்கிற தரவரிசை ஆட்டத்துல எடுபடாது, தனி லாபி (ஆட்ட அறை) திறந்துதான் ஆடணும். எடிட்டர்ல ஆரம்பத் தங்கத்தை 100-லயே விடுங்க. அதிகம் வச்சா முதல் நிமிஷத்துலயே தரகன் காயல்ல போய் நின்னுருவான்.