லீவோ: காம்ப் போதுமா, எக்ஸ்பர்ட்டுக்குப் போகலாமா? ஃபினாலேயில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் மோட்டார் பொருத்திய மலைச் சைக்கிளான டர்போ லீவோவின் மூன்றாம் தலைமுறை 2021இல் வந்ததிலிருந்தே என் கண் அதன் மேல்தான். விலை ஏறும் வரிசையில் அதன் ரகங்கள் காம்ப், எக்ஸ்பர்ட், ப்ரோ, எஸ்-வொர்க்ஸ். காம்ப் வாங்குவதா, எக்ஸ்பர்ட்டா, கடன்பட்டாவது ப்ரோவுக்குப் போவதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் இருக்கும் ஃபினாலே லிகூரேயில் காம்ப், எக்ஸ்பர்ட் இரண்டையும் வாடகைக்கு எடுத்து, ஒரே பாதையில் மாற்றி மாற்றி ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது. வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கார்பன் சட்டகம் கொண்ட எல்லா ரகத்திலும் ஒரே மோட்டார்: முறுக்குவிசை 90 நியூட்டன் மீட்டர், உச்சத்தில் 565 வாட். பேட்டரியும் ஒன்றே, 700 வாட்-மணி. ஐரோப்பியச் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் எல்லாவற்றிலும் மோட்டார் கைவிட்டுவிடும். கடற்கரையிலிருந்து பழைய நேட்டோ தளம் இருக்கும் முகடு வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். அவ்வளவு தூரம் ஏறியும் காலுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

இறக்கத்தில்தான் இரண்டும் பிரிந்தன. மேலே காட்டுக்குள் மண் மெத்தென்று இருக்கிறது. அங்கே எதில் போனாலும் சுகம். கீழே வரவரச் சுண்ணாம்புப் பாறை தலைகாட்டுகிறது. படிபோல் நிற்கும் கூரிய விளிம்புகள், எல்லோரும் பிரேக் பிடித்தே குழியாக்கிய திருப்பங்கள். காம்பில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் 36 ரிதம் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் கவை; 36 என்பது அதன் குழாயின் விட்டம், மில்லிமீட்டரில்). உள்ளே கிரிப் டேம்பர், அதாவது ஃபோர்க் அமுங்கி மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். எக்ஸ்பர்ட்டிலும் 36தான், ஆனால் மேல்தரமான பெர்ஃபார்மன்ஸ் எலீட். உள்ளே கிரிப் 2. ஃபோர்க் அமுங்கும் தூரம் இரண்டிலும் 160 மில்லிமீட்டர்.

கிரிப்பில் அமுக்கத்துக்கு ஒரே திருகு. கிரிப் 2இல் மெதுவான அமுக்கத்துக்குத் தனியாக ஒன்று, வேகமான அடிக்குத் தனியாக ஒன்று. பிரேக் பிடிக்கும்போது நம் உடல் எடை முன்னால் சரிந்து ஃபோர்க் அமிழ்வது மெதுவான அமுக்கம். சக்கரம் கல்லில் மோதுவது வேகமானது. ஒரே திருகு இருந்தால், அமிழாமல் இருக்க இறுக்கும்போது கல்லடியும் கைக்கு வந்து சேரும். எக்ஸ்பர்ட்டில் முதலாவதைச் சற்று இறுக்கி, இரண்டாவதை நன்றாகத் தளர்த்திவிட்டேன். செங்குத்தான இடத்திலும் ஹேண்டில்பார் தாழவில்லை. உள்ளங்கையில் உதறலும் இல்லை. காம்பில் அடிவாரம் வந்ததும் விரல்களை விரித்து உதறிக்கொள்ள வேண்டியிருந்தது. எக்ஸ்பர்ட்டில் அப்படியே அடுத்த ஏற்றத்துக்குத் திரும்பினேன். கூடுதல் விலை எனக்கு அந்த இடத்தில் நியாயமாகிவிட்டது.

ப்ரோ, எஸ்-வொர்க்ஸ் இரண்டிலும் தடித்த 38 ஃபோர்க், ஃபோர்க் வழுக்கி அசைய உதவும் பொன்னிறக் கஷிமா பூச்சு, கம்பியில்லாக் கியர். ஆனால் ஃபாக்டரி என்ற அந்த உச்சத்தர ஃபோர்க்குக்குள் இருப்பதும் கிரிப் 2தான். பந்தயத்துக்குப் போகாத ஒருவர் அதற்காக அவ்வளவு பணம் கொட்டத் தேவையில்லை என்பேன்.

விவரப் பட்டியலில் பலரும் தாண்டிப்போகும் வரி ஒன்று உண்டு: டயர். உதாரணத்துக்கு, மாக்ஸிஸ் நிறுவனத்தின் அசெகை என்ற ஒரே பெயரில் மெல்லிய எக்ஸோ பக்கச்சுவரும் வரும், இரட்டை அடுக்கு டபுள்டவுனும் வரும். இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியின் பின்சக்கரத்துக்குத் தடித்தது கட்டாயம் வேண்டும். எந்த ரகம் வாங்கினாலும் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

*

அண்ணா, டேம்பர் பற்றி எழுதியது மிகவும் பயன்பட்டது. ஆனால் என்னைப்போல் அலுமினியச் சட்டகம் பார்ப்பவர்களுக்கு முதல் கேள்வி பேட்டரி. அடிநிலை அலுமினிய லீவோவில் 500 வாட்-மணி, அதற்கு மேலுள்ள காம்பில் 700.

நான் ஓட்டுவது ஜெர்மனியின் கருங்காட்டில். நானும் வண்டியும் சேர்ந்து 110 கிலோ. இவ்வளவு எடையை ஆயிரம் மீட்டர் தூக்க இயற்பியல் கணக்குப்படி 300 வாட்-மணி வேண்டும். கால் தரும் பங்கைக் கழிக்கலாம். மோட்டாரில் வெப்பமாகப் போவதையும் டயர் உராய்வையும் கூட்ட வேண்டும். என் நண்பர் 500 வைத்திருக்கிறார். இரண்டாவது மலைக்குக் கிளம்பும்போதே அவர் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் ஈக்கோ முறைக்கு மாறிவிடுவார். நான் மோட்டார் அதைவிடக் கூடுதலாக உதவும் டிரெயில் முறையில் போய் மேலே காத்திருப்பேன். அவருடைய ஃபோர்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மூன்றாவது இறக்கம் அவருக்குக் கிடைப்பதில்லை. ஃபோர்க்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெரிய பேட்டரியைத் தனியாக வாங்கப் போனால் விலை கேட்டுத் தலை சுற்றும்.

*

தம்பி சொல்வது சரி. அலுமினியத்தில் தேடுபவர்கள் 700க்குக் கீழே இறங்க வேண்டாம்; அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவதை டேம்பருக்கு வையுங்கள்.

காம்ப் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தலைமுறையில் முன்கழுத்தின் (சட்டகத்தில் ஃபோர்க் நுழையும் குழாயின்) கோணத்தை 63 பாகையிலிருந்து 65.5 வரை மாற்றிக்கொள்ளலாம். இது விலை உயர்ந்த ரகங்களுக்கு மட்டும் உரியதன்று. செங்குத்தான இடங்களில் பயம் இருந்தால், புதிய ஃபோர்க் வாங்கும் முன் முன்கழுத்தின் மேல்முனையில் பேரிங் உட்காரும் கிண்ணத்தைத் திருப்பிப் போட்டு, கோணத்தைச் சாய்த்து ஓட்டிப் பாருங்கள். பழகிய மெக்கானிக்குக்கு இது சின்ன வேலை.