பழைய லேத்துக்கு ஸ்பேர்: இப்போதே வாங்கி அடுக்குவதா, உடைந்த பிறகு தேடுவதா?

மன்னை பட்டறை:
ஹரிஹரில் செய்த பழைய மைசூர் கிர்லோஸ்கர், ஆறடி லேத் (கடைசல் மெஷின்). லீட் ஸ்க்ரூ, அதாவது மரை வெட்டும்போது கத்தியை நகர்த்தும் நீளத் திருகு, அங்குலக் கணக்கு. மூடிக் கிடந்த அரிசி ஆலையிலிருந்து எடுத்து வந்து பிரித்துப் போட்டிருக்கிறேன். கம்பெனி மூடிப் பல வருடமாகிறது. அதே மாடல் இன்னொன்று தஞ்சாவூர்ப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு நிற்கிறது. பெட் (எல்லாம் உட்காரும் அடித்தளம்) தேய்ந்துவிட்டது, உள்ளே சக்கரங்கள் நன்றாக இருக்கின்றன. அதை முழுசாக வாங்கிப் போட்டு, பேரிங், பெல்ட், புஷ் (தண்டு சுழலும் உறை) எல்லாம் இரண்டு செட் வைத்துக்கொள்ளலாமென்று நினைக்கிறேன். தை அறுவடையில் லேத் நின்றால் அந்த வருடப் பிழைப்பே போச்சு.

குடந்தைக் கடைசல்:
தம்பி, பணத்தைத் துருப்பிடிக்க விடுகிறீர்கள். பேரிங்கை இரண்டு செட் வாங்குவானேன்? நம்பர் அதன் வளையத்திலேயே இருக்கும், திருச்சியில் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பெல்ட் சும்மா கிடந்தாலே ரப்பர் இறுகி வெடிக்கும். புஷ் கடையத்தான் லேத்தே இருக்கிறதே!

மன்னை பட்டறை:
லேத் நின்ற பிறகு புஷ்ஷை எதில் கடைவது அண்ணே?

குடந்தைக் கடைசல்:
ஓடும்போதே கடைந்து வையுங்கள். பக்கத்துப் பட்டறைக்காரன் எதற்கு இருக்கிறான்?

துவாக்குடி கியர்:
பக்கத்துப் பட்டறைக்கும் அதே தை மாதம்தானே சார் வேலை நெரியும்? பேரிங், பெல்ட் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. சேஞ்ச் கியர், அதாவது வெட்டும் மரைக்கு ஏற்ப மாற்றிப் போடும் பல்சக்கரம், அப்படியில்லை. முதலில் 40 பல் சக்கரத்தின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். 76.2 மி.மீ. வந்தால் 14 டிபி, பல் அளவின் அங்குலக் கணக்கு. 73.5 வந்தால் 1.75 மாட்யூல், அதன் மில்லிமீட்டர் கணக்கு. ஒன்றோடு ஒன்று சேராது. டிபி கட்டர் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த இரும்புக்கடை லேத்தில் 127 பல் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு அங்குல பம்புசெட் குழாய்க்கு அங்குலத்துக்கு 11 மரை, அது உங்கள் லீட் ஸ்க்ரூவிலேயே வந்துவிடும். அறுவடை மெஷின் போல்ட்டெல்லாம் மில்லிமீட்டர் மரை. 5 அங்குலம் சரியாக 127 மி.மீ. என்பதால் அந்தச் சக்கரம் இருந்தால்தான் பிசகாமல் வரும்.

குடந்தைக் கடைசல்:
சக்கரம் சரி. லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட் தேய்ந்தால் நாச்சியார்கோவிலில் வார்த்துக்கொள்ளலாமே, அதற்கும் ஒரு லேத்தை வாங்கணுமா?

துவாக்குடி கியர்:
அங்கே வார்ப்பது குத்துவிளக்குப் பித்தளை, சீக்கிரம் தேயும். 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம் (ஈயம் இல்லை), 2 பங்கு துத்தநாகம் என்று சொல்லி கன்மெட்டலாக வார்த்து வாங்குங்கள். அப்புறம், லீட் ஸ்க்ரூ ஹெட்ஸ்டாக் (வேலைத்துண்டைச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். புது நட் அங்கே லூசாகவும் எதிர்முனை டெயில்ஸ்டாக் பக்கம் இறுக்கமாகவும் ஓடும். ஸ்க்ரூவைப் பார்க்காமல் நட்டை மட்டும் இருப்பு வைப்பது வீண்.

நாகை உப்புக்காற்று:
எதை வாங்கினாலும் கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். எங்கள் பக்கம் ஐப்பசி மழை ஒன்று போதும், பல் முழுக்கச் சிவந்துவிடும்.

மன்னை பட்டறை:
அளந்தேன். 76 சொச்சம். அப்படியானால் டிபிதான். சக்கரத்தை மட்டும் கேட்டேன், கடைக்காரர் பிரித்துத் தரமாட்டேன் என்கிறார். முழுசாகவே எடுத்துவிடுகிறேன், பேரிங்கும் பெல்ட்டும் இப்போது வேண்டாம்.

குடந்தைக் கடைசல்:
நான் இன்னும் வேண்டாமென்றுதான் சொல்வேன். வாங்கினால் பெட்டை அங்கேயே எடைக்குத் திருப்பிப் போடுங்கள், இடமாவது மிச்சம். அந்த டெயில்ஸ்டாக்கை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், விலை சொல்லுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.