டிஎன்ஏ-ல 3க்கு ஒருதடவை சரி, 10-11க்கு ஒருதடவை வர்ற மேடு எதனால?

அலைவரிசை:
ரெண்டு வாரமா ஈ.கோலை பாக்டீரியாவோட ஜீனோமை (முழு டிஎன்ஏ வரிசையை) பைதான்ல போட்டு நோண்டிட்டு இருக்கேன். ஒரு ஏஏ-ல (ரெண்டு ஏ எழுத்து அடுத்தடுத்து வர்ற இடம்) இருந்து மத்த ஏஏ எல்லாம் எத்தனை எழுத்து தள்ளி வருதுன்னு எண்ணி கிராஃப் போட்டா 3, 6, 9னு ஊசி மாதிரி பீக் நிக்குது, அது கோடானால (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கிற மூணு எழுத்து) வர்றதுன்னு புரியுது, ஆனா அதுக்கு அடியில மெல்லிசா இன்னொரு அலை ஓடுது, 11 பக்கத்துல ஒரு மேடு, 22 பக்கத்துல ஒரு மேடு. ஈஸ்ட்ல அதே மேடு 10 பக்கத்துல வருது. இது நிஜமா இல்ல என் கோட் தப்பா?

சுருள்வில்:
நிஜம்தாங்க. 1980லயே டிரிஃபனோவ், சஸ்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இதை எழுதிட்டாங்க. இரட்டைச் சுருள் ஒரு சுத்து முடிக்க சுமார் 10.5 எழுத்து ஜோடி ஆகும். ஒரு பேப்பர் நாடாவை பென்சில் மேல சுத்தி, சுத்துக்கு ஒரு புள்ளி வைங்க, எல்லா புள்ளியும் ஒரே பக்கம் வரிசையா நிக்கும். ஏஏ, டிடி அப்படி ஒரே பக்கம் விழுந்தா டிஎன்ஏ அந்தப் பக்கமா லேசா வளையும். ஒண்ணரை சுத்துக்கு ஒண்ணுன்னு வச்சா எதிரெதிரா விழுந்து வளைவு அடிபட்டுப் போயிடும்.

ஈஸ்ட்ல இந்த வளைவுக்கு பெரிய வேலை இருக்கு. 147 ஜோடி நீள டிஎன்ஏ, ஹிஸ்டோன்ங்கிற புரோட்டீன் உருண்டையை (ரெண்டும் சேர்ந்ததுதான் நியூக்ளியோசோம்) ஒண்ணே முக்கால் சுத்துக்கு கொஞ்சம் கம்மியா சுத்தணும், சுருளோட ரெண்டு பள்ளத்துல சின்னப் பள்ளம் உள்பக்கம் பார்க்கிற இடத்துல அது நசுங்கணும், அங்க ஏஏ, டிடி, டிஏ வந்தா சுலபம், வெளிப்பக்கம் பார்க்கிற இடத்துல ஜிசி.

கோடான்_3:
மேல சொன்னது ஈஸ்டுக்கு சரி, ஆனா ஈ.கோலைல நியூக்ளியோசோமே கிடையாதே! அங்க ரெண்டு விஷயம் கலந்திருக்கு. ஒண்ணு, டிஎன்ஏ எதிர்த்திசையில முறுக்கப்பட்டு கொஞ்சம் பிரிஞ்ச நிலையில இருக்கிறதால ஒரு சுத்துக்கு ஜோடி கூடி 11 பக்கம் போகுது. இன்னொண்ணு புரோட்டீன்ல இருந்து வருது, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: ஆல்ஃபா ஹீலிக்ஸ்ங்கிற புரோட்டீன் சுருள் ஒரு சுத்துக்கு 3.6 அமினோ அமிலம், மூணால பெருக்கினா 10.8. தண்ணி பிடிக்காத லியூசின், வேலின், ஐசோலியூசின் எல்லாம் ஹீலிக்ஸோட ஒரே பக்கம் உக்காரும், அவங்க கோடான் எல்லாத்துலயும் நடு எழுத்து டி. அப்போ டி-யும், எதிர் இழையில அதோட ஜோடியான ஏ-யும் அதே தாளத்துல வரும்ல?

முதல்ல 3ஓட பீக்கை அமுக்குங்க, ஒவ்வொரு தூரத்துக்கும் முன்ன பின்ன ஒண்ணு சேர்த்து மூணோட சராசரி எடுங்க. அப்புறம் புரோட்டீன் காரணம் இல்லாமலும் அலை இருக்கான்னு பார்க்க, ஜீன் இல்லாத பகுதியை மட்டும் தனியா ஓட்டுங்க.

அலைவரிசை:
சராசரி எடுத்ததும் ஊசியெல்லாம் படுத்துடுச்சு, அலை மட்டும் சுத்தமா தெரியுது, ரொம்ப நன்றிங்க! ஜீன் இல்லாத பகுதியை இப்பதான் பிரிச்சுட்டு இருக்கேன், ராத்திரி ஓட்டிட்டு கிராஃபை இங்கயே போடுறேன்.