கன உலோகப் பரிசோதனை: மாதிரி எங்கே கெட்டுப்போகிறது

நாகர்கோவில், ரத்த மாதிரி எடுக்கும் பணி

ஈயம் பார்க்கச் சீட்டோடு வருகிறவர்களை முதலில் குழாயடிக்குத்தான் அனுப்ப வேண்டும். சோப்புப் போட்டுக் கையை முழங்கைக்கு மேல் வரை கழுவி, சுத்தமான துண்டில் துடைத்துவிட்டு வரட்டும். ஸ்பிரிட் பஞ்சு கிருமியைப் பார்த்துக்கொள்ளும். தோலில் ஒட்டிய ஈயத்தூளை எடுக்காது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அந்தத் தூள் கலந்து அளவு பொய்யாக ஏறுவது இதனால்தான். விரல் ரத்தத்தில் கூடுதலாக வந்தால் நரம்பில் எடுத்து உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் போகக் கூடாது.

ஈயத்துக்கு முழு ரத்தம் வேண்டும். ரத்தத்திலுள்ள ஈயத்தில் 95 சதவீதத்துக்கு மேல் சிவப்பணுக்களில் இருக்கிறது. சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே பிரியும் நீரை) மட்டும் பிரித்து அனுப்பினால் ஈயம் அடியில் தங்கிவிடும், ரிப்போர்ட் நல்லதாக வந்து ஏமாற்றும். குழாய், உலோகம் கலக்காத ஆழ்நீல மூடி. ஆழ்நீலத்திலேயே இரண்டு வகை: ஒன்றில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உண்டு, மற்றதில் எதுவும் கிடையாது. மூடியின் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால் ரத்தம் உறைந்து மாதிரி திரும்பி வரும். லேபிளைப் படியுங்கள்.

வேறு பரிசோதனைகளும் இருந்தால் இந்தக் குழாயை முதலில் நிரப்புங்கள். வேறு குழாயிலிருந்து இதில் ஊற்றாதீர்கள். எடுத்த கையோடு 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கடுகளவு கட்டி இருந்தாலும் அளவு தவறும். குளிர்பெட்டியில் வைக்கலாம், உறைய விடக் கூடாது.

குளச்சல், குழந்தைகள் நலப் பிரிவுச் செவிலியர்

மேலே சொன்னதோடு வீட்டு விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கடற்கரை ஊர்களில் "ஈயம் புழங்குகிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "வலைக்குக் குண்டு வீட்டில் வார்ப்பீங்களா?" என்று கேட்டால் பதில் வேறாக வரும். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், வீட்டு அடுப்பே போதும். உருகின ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை படியும். அதைக் கரண்டியால் வழித்து ஓரத்தில் தட்டுவார்கள். காய்ந்ததும் அது மாவு போலாகிக் கைலியில், பாயில், தவழும் பிள்ளையின் உள்ளங்கையில் ஏறும். உருகும்போது வரும் புகையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த மாவைக் கண்டுகொள்வதில்லை. சின்னக் குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கத்தையும் கேளுங்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளின் ரத்த ஈயத்துக்கான குறிப்பளவை (இதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்ற அளவை) டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. 45ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்தைப் பற்றிய பேச்சு வரும். அலகைப் பாருங்கள்: சில ரிப்போர்ட் லிட்டர் கணக்கில் வரும். லிட்டருக்கு 35 என்பது டெசிலிட்டருக்கு 3.5தான். இதைக் கவனிக்காமல் பெற்றோர் பதறுகிறார்கள். அதைவிட மோசம், டெசிலிட்டருக்கு 35 என்று இருப்பதை லிட்டருக்கு 35 என்று படித்துச் சும்மா விடுவது.

ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம். வார்ப்பை நிறுத்தி மூன்று மாதம் கழித்து எடுத்தால் எண் தாழ்ந்திருக்கும், எலும்பில் சேர்ந்தது அப்படியே இருக்கும். பிள்ளைக்கு இரும்புச்சத்தையும் கூடவே பாருங்கள். அது குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

மார்த்தாண்டம், ஆய்வக நுட்பர்

நம் மாவட்டத்தில் அதிகம் தவறுவது ஆர்சனிக். மரச்சீனியும் சாளைக் குழம்பும் இல்லாமல் நாள் போகாத ஊர். மீன், இறால், நண்டு, கணவாய், சிப்பி எல்லாவற்றிலும் ஆர்சனோபீட்டைன் என்ற கரிம ஆர்சனிக் உண்டு. அது விஷமில்லை, சிறுநீரில் அப்படியே போய்விடும். ஆனால் மொத்த ஆர்சனிக்கை அளக்கும் கருவி அதையும் சேர்த்துத்தான் எண்ணும். முந்தின நாள் சிப்பி சாப்பிட்டவருக்குச் சிறுநீரில் லிட்டருக்குப் பல நூறு மைக்ரோகிராம் வரலாம்.

ஆகவே சிறுநீர் மாதிரிக்கு முன் 4 முதல் 5 நாள் கடல் உணவு வேண்டாம். கருவாடு, மீன் ஊறுகாய், மீனெண்ணெய் மாத்திரையும் இதில் சேரும். "மீன் சாப்பிடல, குழம்பு மட்டும்தான்" என்பதும் சாப்பிட்டதுதான். அளவு கூடினால் கரிம ஆர்சனிக் எவ்வளவு, விஷமான கனிம ஆர்சனிக் எவ்வளவு என்று வகை பிரித்து அளக்கச் சொல்லுங்கள். வகை பிரித்தாலும் பத்தியம் தேவை. கணவாய், சிப்பியிலுள்ள வேறு சில ஆர்சனிக் சேர்மங்கள் உடலில் மாறி, கனிம ஆர்சனிக்கின் கழிவைப் போலவே தெரியும். ஆர்சனிக்குக்கு ரத்தம் எடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை, சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும்.

பாதரசத்தில் கதை திரும்பும். மீனிலிருந்து வரும் மெத்தில் பாதரசத்துக்கு ரத்தம் அல்லது தலைமுடி. சுறா, சூரை, நெய்மீன் போன்ற பெரிய மீன்களில் கூடுதல். சாளை, நெத்தோலியில் குறைவு. ஆவியாகவோ உப்பாகவோ ஏறும் பாதரசத்துக்குச் சிறுநீர்.

24 மணி நேரச் சிறுநீர் என்றால் காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு மணி குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு தடவையும் சேர்த்து, மறுநாள் அதே மணிக்குக் கடைசியாக. எவர்சில்வர் சொம்பில் பிடித்து ஊற்றுவது கூடாது; ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் கலன் மட்டும். எம்.ஆர்.ஐ.க்குக் கடோலினிய மருந்து ஏற்றியிருந்தால் 4 நாள் கழியட்டும், கருவியின் அளவீட்டை அது குழப்பும்.

வடசேரி, தொழில் நலப் பணி

பொற்கொல்லருக்குக் கேட்மியம் பாருங்கள், பற்றவைப்பில் அது புழங்கியதுண்டு. ரத்தம் சமீபத்தியதைக் காட்டும், சிறுநீர் பல வருடம் சேர்ந்ததை. புகைபிடிப்பவரா என்று சீட்டில் கட்டாயம் எழுதுங்கள், புகையிலையே அளவை ஏற்றும்.

தக்கலை, நச்சியல் மருத்துவப் பிரிவு

நாட்டு மருந்து எடுப்பவரிடம் "உலோக மருந்தா?" என்று கேட்டால் தெரியாது என்பார். பெயரைக் கேளுங்கள். செந்தூரம், பற்பம் எதுவானாலும் சேர்ந்திருப்பது இரசமா, இலிங்கமா, கருவங்கமா, தாளகமா? முதலிரண்டும் பாதரசம், கருவங்கம் ஈயம், தாளகம் ஆர்சனிக். எத்தனை நாள், எவ்வளவு என்று குறித்து, மிச்சப் பொட்டலத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதையும் ஆய்வுக்கு அனுப்பலாம். வைத்தியரைப் பழிக்கிற தொனியில் கேட்டால் உண்மை வராது.

உலோகத்தை வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்து, பின்பு சிறுநீர் எடுத்து, "பாருங்க எவ்வளவு விஷம்" என்று காட்டும் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மருந்து யார் உடலிலிருந்தும் கொஞ்சம் உலோகத்தை இழுக்கும். குறிப்பளவுகளோ மருந்து எடுக்காதவர்களுடையவை. இரண்டையும் ஒப்பிட முடியாது.

மணவாளக்குறிச்சி

கருமணலின் கதிர்வீச்சுக்குப் பயந்து இந்தக் கன உலோகப் பரிசோதனையை எழுதிக் கேட்பவர்களுக்கு: அந்த மணலிலுள்ள மோனசைட் தாதுவில் இருப்பது கதிர்வீசும் தோரியம். ஈயம், பாதரசம், ஆர்சனிக், கேட்மியம் என்ற வழக்கமான பட்டியலில் அது கிடையாது. கதிர்வீச்சை இந்த ரத்தக்குழாய் அளக்காது. அதற்குக் கதிர்வீச்சு அளவியே வேண்டும், வீட்டு மணலிலும் தரையிலும் வைத்துப் பார்க்க.