ரெஸ்ட்ரிக்டிவ், ரெஸ்ட்ரிக்டட்: எதை எங்கே போடுவது?

புதுவேலை: வணக்கம். சேரப்போகும் வேலையின் பணி ஆணை வந்திருக்கிறது. விடுமுறைப் பகுதியில் ஆண்டுக்கு 2 ‘ரெஸ்ட்ரிக்டட் ஹாலிடே’ என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ‘ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட்ஸ்’ என்று ஒரு தலைப்பு (கவனன்ட்ஸ் என்றால் ஒப்பந்த நிபந்தனைகள்). வேலையை விட்ட பிறகு ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாதாம். அதைத் தளர்த்தச் சொல்லி ஹெச்ஆருக்கு எழுத வேண்டும். இரண்டில் எந்தச் சொல்லைப் போடுவது?

ஆங்கில ஆசிரியர்: தமிழ்ப் பெயரெச்சமாக மாற்றிப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். கட்டுப்படுத்துகிற விதி ரெஸ்ட்ரிக்டிவ். கட்டுப்படுத்தப்பட்ட இடம், கோப்பு, அனுமதி எல்லாம் ரெஸ்ட்ரிக்டட். ‘என்ட்ரி இஸ் ரெஸ்ட்ரிக்டட் டு மெம்பர்ஸ்’ என்றால் உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. இந்தப் பொருளில் பின்னால் ‘டு’ வரும். ஹாலிடேயும் அப்படித்தான்: பட்டியலில் பல பண்டிகைகள் இருக்கும், வேண்டிய இரண்டை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கும் இதே 2தான்.

உங்கள் மடலுக்கு ரெஸ்ட்ரிக்டிவ்தான் பொருந்தும். ஆனால் ஒன்று கவனியுங்கள். ரெஸ்ட்ரிக்டட் என்பது பெரும்பாலும் வெறும் தகவல். ரெஸ்ட்ரிக்டிவ் என்றால் ‘இவ்வளவு கெடுபிடியா’ என்ற மனக்குறையும் பல நேரம் கூடவே ஒலிக்கும். முன்னால் ‘டூ’ (அளவுக்கு மீறி) சேர்த்தால் நேரடிப் புகாராகிவிடும். இன்னும் வேலையில் சேரவே இல்லை, ‘சம்வாட் (ஓரளவு) ரெஸ்ட்ரிக்டிவ்’ என்று எழுதுங்கள்.

சட்டம் படித்தவர்: சொல்லோடு நிறுத்த வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 27ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் தொழில் செய்வதை ஓர் ஒப்பந்தம் எந்த அளவுக்குத் தடுக்கிறதோ, அந்த அளவுக்கு அது செல்லுபடியாகாது. வேலையை விட்ட பிறகும் தொடரும் இத்தகைய தடையை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. வேலையில் இருக்கும்போது போட்டியாளருக்கு உழைக்கக்கூடாது, ரகசியத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பவை வேறு விஷயம். அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

புதுவேலை: இருவருக்கும் மிக்க நன்றி. இப்படி எழுதட்டுமா? ‘திஸ் கண்டிஷன் சீம்ஸ் சம்வாட் ரெஸ்ட்ரிக்டிவ். குட் இட் பி ரெஸ்ட்ரிக்டட் டு மை பீரியட் ஆஃப் எம்ப்ளாய்மென்ட்?’

ஆங்கில ஆசிரியர்: சரியாக இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் ‘லிமிடட் டு’ என்று மாற்றினால் ஒரே சொல் அடுத்தடுத்து வராது. அப்புறம், ‘கண்டிஷன்’ என்று மட்டும் விடாமல் அதன் பத்தி எண்ணையும் குறிப்பிடுங்கள். அந்தத் தலைப்பின் கீழ் வேறு நிபந்தனைகளும் இருக்குமே.