ஏசிடி அறிவியல் பகுதியில் நேரம் போதாமல் தவித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்துவிட்டு அமெரிக்கா வந்தவன் நான். பதினொன்றாம் வகுப்பில், அங்கே கல்லூரிச் சேர்க்கைக்குப் பார்க்கும் ஏசிடி (ACT) தேர்வை எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலம் கொஞ்சம் இழுத்தாலும் அறிவியல் கைகொடுக்கும் என்று நம்பினேன். வீட்டில் எழுதிப் பார்த்த முதல் மாதிரித் தேர்விலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. அப்போதெல்லாம் 40 கேள்விக்கு 35 நிமிடம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மொத்தம் ஆறு பத்திகள்; பத்தி என்றால் ஒரு சிறு விளக்கம், பெரும்பாலும் கிராஃபோ அட்டவணையோ, அதையொட்டிய சில கேள்விகள். நான் ஐந்தாவது பத்தியின் நடுவில் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. தெரியாமல் விட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை, ஆனால் கண்ணால் பார்க்காமலே விட்டவை பதினொன்று. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அதே தாளை எடுத்து, ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் கிராஃபிலோ அட்டவணையிலோதான் இருந்தது. முழுதும் புரிய வேண்டும் என்று நான் மூன்று முறை படித்த முன்னுரையிலிருந்து வந்தது மிகக் குறைவு. ஊரில் பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துத்தான் எனக்குப் பழக்கம், தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். இந்தத் தேர்வு பார்ப்பதோ, கண்ணெதிரே இருக்கும் தரவை வாசிக்கத் தெரிகிறதா என்பதைத்தான். வெளியிலிருந்து பாட அறிவைக் கொண்டுவர வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் சில மட்டுமே.

அதன் பிறகு வரிசையை மாற்றினேன். பத்தி வந்ததும் முதலில் கிராஃபின் இரண்டு அச்சுகளையும் பார்ப்பேன். எது மாறுகிறது, எதை அளக்கிறார்கள், அலகு என்ன, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா? இருபது, முப்பது நொடிக்கு மேல் இதற்குக் கொடுக்க மாட்டேன். பிறகு நேராகக் கேள்விக்குப் போய்விடுவேன். ஒரு பயிற்சித் தாளில் உப்புகள் நீரில் கரையும் அளவைப் பற்றி ஒரு கிராஃப் இருந்தது. பொட்டாசியம் நைட்ரேட் 100 கிராம் நீரில் 20 டிகிரி செல்சியஸில் 32 கிராம் அளவுக்குக் கரைகிறது, 60 டிகிரியில் ஏறக்குறைய 110 கிராம். சாதாரண உப்போ 36, 37 கிராமிலேயே நிற்கிறது. ஒரு கோடு செங்குத்தாக ஏற, இன்னொன்று படுத்தே கிடக்கிறது. இதைப் பார்த்துவிட்டால் நாலைந்து கேள்விக்கு விடை கையில் வந்துவிடும். ஏன் கரைகிறது என்ற விளக்கத்தை நான் தொடவே இல்லை.

அச்சில் மட்டும் அவசரப்படாதீர்கள். கடல் ஆழத்தைக் காட்டும் கிராஃபில் பூஜ்யம் மேலே இருக்கும், கீழே போகப் போக எண் கூடும். கோடு கீழே வருகிறதே என்று "குறைகிறது" என நான் போட்ட இரண்டு விடையும் தவறு.

சோதனைகளை விவரிக்கும் பத்திகளில் ஒரே ஒரு விஷயம்தான் தேடுவேன்: முதல் சோதனைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் எதை மாற்றினார்கள்? அந்த வரிக்கு அடிக்கோடு போட்டால் போதும்.

ஆனால் இந்த வழி ஓர் இடத்தில் என்னைக் கவிழ்த்தது. இரண்டு மூன்று பேர் ஒரே விஷயத்துக்கு வெவ்வேறு விளக்கம் சொல்லும் பத்தி ஒன்று வரும். கிராஃப் பெரும்பாலும் இருக்காது. அங்கே படித்துத்தான் ஆக வேண்டும். நான் பயிற்சி செய்த ஒன்று, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தது பற்றியது. விண்கல் மோதியது என்கிறார் ஒருவர், தக்காணத்து எரிமலைகள்தான் என்கிறார் மற்றவர். விண்கல் மோதியதற்குச் சான்றாகச் சொல்லப்படும் இரிடியம் என்ற உலோகப் படிவம் பற்றி வகுப்பில் படித்திருந்ததால் என் மனம் விண்கல் பக்கமே சாய்ந்துவிட்டது. கேள்வியோ, இரண்டாமவர் கருத்துக்கு எந்தத் தகவல் வலு சேர்க்கும் என்பது. யார் சொல்வது சரி என்று யாரும் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஓரத்தில் நாலு சொல்லில் சுருக்கம் எழுதிக்கொள்வேன். இந்தப் பத்தியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டதில் எனக்கு நிதானம் கிடைத்தது.

மறுமொழி:

தம்பி சொன்ன அச்சு விஷயம் என் மகளுக்கும் நடந்தது. அவளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது, எண்களைத் துல்லியமாகக் கணக்குப் போடப் பார்ப்பாள். அறிவியல் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. நாலு விடைகளையும் முதலில் பார், அவற்றுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் தோராயமே போதும் என்று சொல்லிச் சொல்லித்தான் மாறினாள். அப்புறம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் எந்த விடை வட்டத்தையும் காலியாக விட வேண்டாம்.

மறுமொழி:

இப்போது எழுதப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஏப்ரலில் கணினித் தேர்விலும் செப்டம்பரில் தாள் தேர்விலும் முறை மாறிவிட்டது. அறிவியல் இப்போது விருப்பப் பகுதி, 40 கேள்விக்கு 40 நிமிடம், மொத்தச் சராசரியிலும் சேராது. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி அதைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் தம்பி புதிய முறையில் எழுதினான். கூடுதலாகக் கிடைத்த ஐந்து நிமிடத்தை எல்லாப் பத்திக்கும் பிரிக்காமல், அந்தக் கருத்து மோதல் பத்திக்கே மொத்தமாக ஒதுக்கிவைத்தான். அதை இரண்டு முறை படித்தானாம். வெளியே வந்ததும் அவன் முதலில் சொன்னது அதைத்தான்.