கார்லாஃப் முகத்தில் பச்சை பூசியது யார்?

தூரிகைக்காரன்:
நேற்று ஓர் ஓவியக் குழுவில் ஒருவர் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஃபிராங்கன்ஸ்டைன் படத்து மான்ஸ்டர் உண்மையில் சாம்பல் நிறம். பச்சை என்பது பத்திரிகை அட்டை வரைந்தவர்கள் கிளப்பிவிட்ட கதை. பேசில் கோகோஸ் மாதிரி ஆட்கள் கார்லாஃபின் நடிப்பைப் பொம்மைக்கடைச் சரக்காக்கிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக எல்லோரும் ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள்.

1931-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய அந்தப் படத்துக்கு யுனிவர்சல் ஸ்டுடியோவில் மேக்கப் போட்டவர் ஜாக் பியர்ஸ். மான்ஸ்டராக நடித்த போரிஸ் கார்லாஃப் தினமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பஞ்சையும் கொலோடியன் பசையையும் அடுக்கடுக்காக வைத்து நெற்றியை உயர்த்தினார் பியர்ஸ். கண்ணில் உயிர் அதிகமாகத் தெரிகிறது என்று கார்லாஃபே சொன்னதால் இமைமேல் மெழுகு ஏறியது. கார்லாஃப் தன் வாயிலிருந்த பல் பிரிட்ஜை, அதாவது விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டியிருந்த கட்டுப்பல்லை, கழற்றி வைத்தார், ஒரு பக்கக் கன்னம் குழி விழுந்தது. இதற்கெல்லாம் மேலே பூசியது பச்சை கலந்த சாம்பல் நிற மேக்கப். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அது பிணத்தின் வெளிறலாகப் பதியும், அதற்காகத்தான். ஆக, பச்சை மேக்கப் அறையிலேயே இருந்தது. கோகோஸ் அட்டை வரைந்த 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்கிற திகில் பட இதழ் தொடங்கியதே 1958-இல்தான். 27 வருஷம் கழித்து வந்த பத்திரிகைமேல் எப்படிப் பழி போடலாம்?

கருப்புவெள்ளை:
அந்தப் பதிவு எழுதியவர் எனக்கு யாரென்று தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி. நீங்களே "பச்சை கலந்த சாம்பல்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதில் சாம்பல்தான் பெயர்ச்சொல், பச்சை வெறும் அடைமொழி. மேக்கப் அறையில் என்ன டப்பா இருந்தது என்பது ரசிகனுக்கு எதற்கு? படம் என்பது திரையில் தெரிவது. திரையில் பச்சை இல்லை.

தூரிகைக்காரன்:
இலக்கண வகுப்பு கேட்க நான் வரவில்லை சார். 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படப்பிடிப்பில், 1939-இல் வெளிவந்த படம் அது, யாரோ கோடாக்குரோம் என்கிற வண்ண ஃபிலிமில் எடுத்த சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? முழு மேக்கப்பில் கார்லாஃப் கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் ஜாக் பியர்ஸின் கழுத்தை விளையாட்டாக நெரிக்கிறார். தன்னை மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார வைத்த மனிதரின் கழுத்து! முகம் பச்சை. சந்தேகத்துக்கே இடமில்லாத பச்சை. முதல்முறை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அத்தனை வருஷம் பயமுறுத்திய முகம் ஒரு சின்னப் பையன் மாதிரி சேட்டை செய்கிறது.

கருப்புவெள்ளை:
அது மூன்றாவது படம். முதல் படத்துக்கும் அதற்கும் எட்டு வருஷ இடைவெளி. 1939-இல் பச்சை பூசினார்கள் என்றால் 1931-இலும் அதே பச்சைதான் என்று எப்படி ஆகும்? தவிர பழைய ஃபிலிம் நாளாக ஆக நிறம் மாறும். திரையில் பச்சை இல்லை என்று நான் சொன்னதற்கு இது பதிலே இல்லை.

தூரிகைக்காரன்:
கோடாக்குரோமை வெளிச்சம் படாமல் வைத்திருந்தால் நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதற்குப் பேர் போன ஃபிலிம் அது. தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். நடிகர் அதே கார்லாஃப், மேக்கப் அதே பியர்ஸ், ஸ்டுடியோ அதே யுனிவர்சல். நிறம் மட்டும் இடையில் மாறிவிட்டதா?

லுகோசிதாசன்:
எப்போது பார்த்தாலும் கார்லாஃப், கார்லாஃப். டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியைப் பற்றி இந்த இடத்தில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஃபிராங்கன்ஸ்டைன் மான்ஸ்டர் வேஷத்துக்கு முதலில் டெஸ்ட் எடுத்தது லுகோசியை வைத்து. இயக்கப் போவதாக இருந்தவர் ராபர்ட் ஃப்ளோரி. அந்த டெஸ்ட் ஃபிலிம் இன்று இல்லை. உலகம் முழுக்க குழந்தைகள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு மான்ஸ்டர் மாதிரி நடக்கிறார்களே, அந்த நடை யாருடையது? கார்லாஃப் நடித்த மூன்று படங்களில் எதிலாவது அப்படி நடக்கிறாரா? அது 1943-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் த வுல்ஃப் மேன்' படத்தில் லுகோசி நடந்த நடை. கதைப்படி மான்ஸ்டருக்குக் கண் தெரியாது. அதனால் கையால் தடவித் தடவி நடந்தார். அப்புறம் எடிட்டிங்கில் அவர் பேசிய வசனத்தையெல்லாம் வெட்டினார்கள், குருடு என்கிற விஷயமும் அதோடு போனது. கடைசியில் காரணமே இல்லாமல் கையை நீட்டுகிறார் என்று கெட்ட பெயர் அவருக்கு. இதற்கு யார் நியாயம் கேட்பது?

கருப்புவெள்ளை:
பேச்சு நிறத்தைப் பற்றி. அந்தப் படத்தில் பல இடங்களில் லுகோசிக்குப் பதில் ஸ்டண்ட் ஆட்கள்தான் மேக்கப்போடு நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

லுகோசிதாசன்:
அப்போது அவருக்கு 60 வயது! அறுபது வயதில் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு நின்றவரைக் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? 1927-இல் பிராட்வே மேடையில் டிராகுலாவாக நின்ற மனிதர். 1931-இல் வந்த 'டிராகுலா' படத்தில் ஒரு காட்சியில்கூடக் கோரைப்பல்லைக் காட்டவில்லை. கண்மேல் மட்டும் மெல்லிய கோடாக விளக்கு விழும், அந்தப் பார்வை போதும். 1956-இல் இறந்தபோது டிராகுலா அங்கியோடுதான் அடக்கம் செய்தார்கள். கார்லாஃபை அப்படியா அடக்கம் செய்தார்கள்?

நூல்புழு:
அண்ணன்மார்களே, நான் இந்த இழையை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. 1818-இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலை ஒருவராவது திறந்து பார்த்தீர்களா? மஞ்சள் தோல். உள்ளே தசையும் நரம்பும் ஓடுவதை அந்தத் தோல் மூடியும் மூடாமலும் இருக்கும். கருகருவென்று பளபளக்கும் நீளமான முடி, முத்து மாதிரி பல், கறுத்த உதடு. எட்டடி உயரம். தட்டையான தலையும் கிடையாது, கழுத்தில் போல்ட்டும் கிடையாது. எழுதியவர் மஞ்சள் என்று சொல்லியாயிற்று, நீங்கள் மேக்கப் டப்பாவுக்குச் சண்டை போடுகிறீர்கள்.

தூரிகைக்காரன்:
தங்கச்சி, நாவலை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். நான் பேசுவது கார்லாஃபின் முகத்தைப் பற்றி. இன்னொன்று, அது போல்ட் இல்லை. மின்சாரம் உள்ளே போவதற்கான முனை. பியர்ஸ் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். மின்சாரத்தால் உயிர் வந்த உடம்பு, அது நுழைய வழி வேண்டாமா? இவ்வளவு யோசித்து ஒவ்வொரு அங்குலத்தையும் செய்தவர் நிறத்தை மட்டும் யோசிக்காமலா பூசியிருப்பார்?

நூல்புழு:
தங்கச்சி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மஞ்சள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கருப்புவெள்ளை:
மேடம் கேட்டதற்கும் பதில் இல்லை, நான் கேட்டதற்கும் பதில் இல்லை. இன்னொரு கேள்வி. 1957-இல் இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி 'த கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தது, முழு வண்ணப்படம். மான்ஸ்டராகக் கிறிஸ்டோபர் லீ. பச்சை பூசினார்களா? இல்லை. வெளிறிய, தழும்பேறிய முகம். வண்ணம் கையில் கிடைத்தபோதே யாரும் பச்சைக்குப் போகவில்லை.

தூரிகைக்காரன்:
போகவில்லை இல்லை, போக முடியவில்லை! பியர்ஸ் செய்த முகம் யுனிவர்சலின் சொத்து. அதே மாதிரி செய்தால் வழக்கு வரும் என்பதால்தான் ஹாமர் வேறு முகம் செய்தது. இது இந்தப் படங்களை விரும்புகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஐந்து வருஷமாகக் கறுப்பு வெள்ளைப் படம் பற்றி எழுதுகிறவருக்கு இது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை. தெரிந்தே மறைக்கிறீர்கள்.

கோகோஸுக்கு வருகிறேன். எனக்கு வலித்தது அங்கேதான். எகிப்தில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஜாக் பியர்ஸும் கிரேக்கத்தில் பிறந்தவர்தான். 1960-இல் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸின் முகத்தோடு ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் அட்டையில் தொடங்கினார். முன்னால் வைத்துக்கொண்டு வரைந்ததெல்லாம் கறுப்பு வெள்ளை ஸ்டில்தான். அதில் இல்லாத விளக்குகளை மனசுக்குள் ஏற்றினார். இடது பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு, கீழேயிருந்து ஒரு மஞ்சள், பின்னாலிருந்து நீலமோ ஊதாவோ. அவர் தோலின் நிறத்தை வரையவில்லை ஐயா, தோல்மேல் விழும் வெளிச்சத்தை வரைந்தார்! அவர் அட்டைகளில் ஒன்றை வைத்து நான் நாலு மாதம் பழகினேன். கன்னத்துக் குழியில் ஒரு சொட்டு ஊதா இருக்கும். அதை எடுத்துவிட்டால் முகம் சப்பென்று ஆகிவிடுகிறது, வைத்தால் அந்தப் பல் பிரிட்ஜ் இல்லாத வெறுமை தெரிகிறது. கார்லாஃப் 1969 பிப்ரவரியில் போனார். அந்த வருஷம் வந்த அஞ்சலி இதழின் அட்டையும் கோகோஸ் வரைந்ததே. அந்த முகத்தில் இருக்கிற துக்கத்தைப் பார்த்துவிட்டுப் பொம்மைக்கடைச் சரக்கு என்று சொல்கிறவருக்குக் கண் இருக்கிறதா?

பிளாஸ்டிக் பூதம்:
பொம்மைக்கடை என்று ஏன் ஏளனமாகச் சொல்கிறீர்கள் எல்லோரும்? 1961-இல் அரோரா கம்பெனி ஃபிராங்கன்ஸ்டைன் மாடல் கிட் விட்டது, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி நாமே பொம்மை செய்துகொள்ளும் பெட்டி. பெட்டிமேல் படம் வரைந்தவர் ஜேம்ஸ் பாமா. அந்தப் பெட்டி ஓவியத்துக்காகவே கிட் வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! கோகோஸுக்கு மட்டும் கோயில் கட்டினால் பாமாவை எங்கே வைப்பீர்கள்?

தூரிகைக்காரன்:
பாமா பெரிய ஓவியர்தான், மறுக்கவில்லை. ஆனால் கோகோஸின் பக்கத்தில் வைக்க முடியாது.

பிளாஸ்டிக் பூதம்:
ஏன் முடியாது? காரணம் சொல்லுங்கள்.

கருப்புவெள்ளை:
காரணம் வராது. தூரிகைக்காரன் சொன்னால் சொன்னதுதான், இங்கே பல வருஷமாக அதுதான் நடக்கிறது. இவ்வளவு நீளமாக எழுதியதில் ஒரு விஷயத்தை அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். கோகோஸ் தோலின் நிறத்தை வரையவில்லை என்கிறார். அப்படியானால் அந்த அட்டையிலுள்ள பச்சை தோலின் பச்சை இல்லை. அந்த ஓவியக் குழுக்காரர் சொன்னதும் இதைத்தானே? திரையில் பச்சை இல்லை.

ஏரிக்கரைக் காட்சியைப் பாருங்கள். அந்தச் சின்னப் பெண் மர்லின் ஹாரிஸ், பூவை மான்ஸ்டர் கையில் கொடுக்கிறாள். அவள் படப்பிடிப்பில் அவரைப் பார்த்துப் பயப்படவே இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு அவரோடு காரில் போனாள். திரையில் அந்தப் பெரிய கை வெளுப்பு, பூவும் வெளுப்பு. இரண்டும் ஒரே வெளுப்பில் இருப்பதால்தான் ஒரு நொடி அவனும் குழந்தையாகத் தெரிகிறான். அந்தக் கையைப் பச்சையாக நினைத்துப் பாருங்கள், காட்சி செத்துவிடும். நான் காப்பாற்ற நினைப்பது அதைத்தான்.

தூரிகைக்காரன்:
அந்த வெளுப்பைக் கொடுத்ததே பச்சைதான்! எத்தனை தடவை சொல்வது? பச்சை இல்லாவிட்டால் உங்கள் வெளுப்பே இல்லை!

கருப்புவெள்ளை:
திரையில் இல்லை.

தூரிகைக்காரன்:
முகத்தில் இருந்தது.

லுகோசிதாசன்:
1943 நடையைப் பற்றி நான் எழுதியதை ஒருவரும் மறுக்கவில்லை. ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

கருப்புவெள்ளை:
ஒத்துக்கொள்ளவில்லை. 1935-இல் வந்த இரண்டாம் படத்திலேயே கார்லாஃப் கையை நீட்டும் இடங்கள் உண்டு.

லுகோசிதாசன்:
கையை நீட்டுவது வேறு, நீட்டிக்கொண்டே நடப்பது வேறு. 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' எனக்கும் மனப்பாடம். தயவுசெய்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

நூல்புழு:
மஞ்சள்.

தூரிகைக்காரன்:
கருப்புவெள்ளை அவர்களே, ஓவியத்தின்மேல் உங்களுக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்கு நன்றாகவே தெரியும். மூன்று வருஷம் முன்னால் என்னிடம் அந்த 1969 அஞ்சலி இதழை இரவல் வாங்கிக்கொண்டு போனீர்கள். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அட்டையில் டீ டம்ளர் வைத்த வட்டம். சரியாகக் கார்லாஃபின் நெற்றிமேல். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கருப்புவெள்ளை:
அந்த வட்டம் நீங்கள் கொடுக்கும்போதே இருந்தது. வாங்கிய அன்றே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்து, வாதத்தில் சொல்ல ஒன்றும் இல்லாதபோது எடுத்து வீசுகிறீர்கள்.

தூரிகைக்காரன்:
கொடுக்கும்போது இல்லை. பாலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்தேன். உறையும் திரும்பி வரவில்லை.

பிளாஸ்டிக் பூதம்:
பாமா விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

தூரிகைக்காரன்:
பாமாவுக்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள். இன்று ராத்திரி கார்லாஃபின் ஸ்டில் ஒன்றை எடுத்து, பியர்ஸ் பூசிய பச்சையிலேயே ஒரு முகம் வரைந்து, அதைக் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறேன். அப்போது எல்லோரும் பார்க்கட்டும்.

கருப்புவெள்ளை:
போடுங்கள். கறுப்பு வெள்ளை போட்டோவில் பச்சை எங்கே இருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

தூரிகைக்காரன்:
வட்டம் போடுவதில் தேர்ந்தவர் நீங்கள்தான். முதலில் அந்த உறையை அனுப்பி வையுங்கள்.